வான் டியூசன்வில் தேவாலயத்தில் புதன்கிழமைச் சாப்பாடு

வான் டியூசன்வில் என்ற பெயரைச் சொன்னால் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கே இன்று ஒரு சாலையின் பெயராகத்தான் தெரிகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பெர்க்‌ஷர் மலைகளுக்கு நடுவே, கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூருக்குள் அடங்கிப்போன ஒரு மூலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இரும்பு உருக்கும் உலை எரிந்துகொண்டிருந்தது. அடுத்த கிராமமான ஹவுசடானிக்கில் பருத்தி ஆலைகள் ஓடின. அந்தக் காலத்து மக்கள் 1829இல் ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். 1866இல் அதைப் பெரிதாக்கி டிரினிட்டி தேவாலயம் என்று பெயர் மாற்றினார்கள். பிறகு உலை அணைந்தது. ஆலைகளும் மூடின. வேலை தேடி ஆட்கள் வெளியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்துகொண்டே வந்து, 1964இல் வழிபாட்டு இடம் என்ற நிலையிலிருந்து முறைப்படி விலக்கி, கட்டடத்தை விற்றுவிட்டார்கள்.

அமெரிக்கச் சிற்றூர்களில் இப்படி விற்கப்பட்ட தேவாலயங்கள் ஏராளம். சில வீடாகியிருக்கின்றன, சிலவற்றில் பழம்பொருள் கடை நடக்கிறது, பல இடிந்துபோயின. இந்த ஒன்று மட்டும் ஒரு பாட்டரங்காகவும் ஊருக்குச் சோறு போடும் கூடமாகவும் இன்றுவரை நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆல்பனியிலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியவன் அண்ணன் மகன். நியூயார்க் மாநில எல்லையைத் தாண்டியதும் சாலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகத் தொடங்கியது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள், கல்லடுக்கி எழுப்பிய பழைய வேலிகள், நடுநடுவே ஒரு பெட்ரோல் பங்க். ஊர்ப் பெயர்ப்பலகை வந்த சில நிமிடங்களில் தண்டவாளம் குறுக்கிட்டது. அதை ஒட்டியே கூரிய மணிக்கோபுரத்தோடு ஒரு மரக்கட்டடம்.

“சித்தப்பா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல பாதிகூட இல்லையே!” என்றான்.

“உள்ள போய்ப் பார்த்துட்டுச் சொல்லுப்பா.”

அது புதன்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. வாசலில் டிக்கெட் கேட்கவோ பெயர் எழுதிக்கொள்ளவோ யாரும் இல்லை. உள்ளே நுழைந்தால், ஒரு காலத்தில் பீடம் இருந்த பக்கம் இப்போது மேடை. ஒலிவாங்கிகளும் கம்பிகளும் ஓரமாகச் சுருட்டிக் கிடந்தன. நீள பெஞ்சுகள் இருந்த இடத்தில் துணி விரித்த மேசைகள். உயரமான கூரையைத் தாங்கும் மர விட்டங்கள், கூர்முனை ஜன்னல்கள். சுவர்களில் கிட்டாரும் கையுமாகப் பலருடைய படங்கள். அவற்றுள் அடிக்கடி கண்ணில் பட்டவை இரண்டு முகங்கள்: உடி கத்ரி, அவருடைய மகன் ஆர்லோ கத்ரி. கட்டடத்தின் இன்றைய பெயரே கத்ரி சென்டர்தான்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கும் உடி கத்ரியைத் தெரிந்திருக்கும். 1930களின் பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி நாடு முழுக்க அலைந்த ஏழை விவசாயிகளோடு அலைந்து, அவர்கள் கதையைப் பாட்டாக்கியவர். பாப் டிலன் குருவாக நினைத்தவர். ஹண்டிங்டன் நோய் என்னும் பரம்பரை நரம்பு நோய் தாக்கி, நெடுங்காலம் மருத்துவமனைகளில் கிடந்து 1967 அக்டோபரில் இறந்தார். அதே மாதத்தில்தான் மகன் ஆர்லோவின் முதல் இசைத்தட்டு வெளியானது. அதில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டு எடுத்துக்கொண்டது. 18 நிமிடம் 34 விநாடி. ‘ஆலிஸ்’ஸ் ரெஸ்டாரன்ட் மாசக்ரீ’ என்பது அதன் பெயர். பாட்டு என்பதைவிடக் கதாகாலட்சேபம் என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். கிட்டார் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அவர் கதை சொல்லிக்கொண்டே போவார்.

அந்தக் கதை நடந்தது இந்தக் கூரையின் கீழ்தான்.

1964இல் இந்தத் தேவாலயம் ரே பிராக், ஆலிஸ் பிராக் என்ற தம்பதியிடம் வந்தது. வாங்கப் பணம் கொடுத்தது ஆலிஸின் தாய். அருகிலிருந்த ஸ்டாக்பிரிட்ஜ் பள்ளியில் ஆலிஸ் நூலகராகவும் ரே தச்சுப் பட்டறை ஆசிரியராகவும் வேலை பார்த்தார்கள். ஆர்லோ அந்தப் பள்ளியின் மாணவர். விடுதி மாணவர்களும் பழைய மாணவர்களும் பாட்டுக்காரர்களும் போக்கிடமில்லாத இளைஞர்களும் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தபடி இருந்தார்கள். யார் எப்போது வந்தாலும் ஆலிஸ் சமைத்துப் போட்டார்.

1965 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாளன்று, அங்கே பெரிய விருந்து. கல்லூரியிலிருந்து வந்திருந்த ஆர்லோவும் அவருடைய நண்பர் ஒருவரும் உபகாரமாக இருக்கட்டுமே என்று தேவாலயத்தில் சேர்ந்திருந்த குப்பையை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். பண்டிகை நாள் என்பதால் குப்பைக் கிடங்கு பூட்டிக் கிடந்தது. வழியில் ஒரு சரிவில் ஏற்கெனவே குப்பை கிடப்பதைப் பார்த்து, தங்கள் குப்பையையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிட்டார்கள். குப்பைக்குள் இருந்த ஒரு உறையில் பிராக் என்ற பெயர். ஸ்டாக்பிரிட்ஜ் காவல் அதிகாரி வில்லியம் ஓபன்ஹைன் அதை வைத்துப் பிடித்துவிட்டார். ஆலிஸ் போய் ஜாமீன் கட்டி வெளியே கொண்டுவந்தார். வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ஹானன் பார்வையற்றவர். போலீஸ் எடுத்துவைத்த புகைப்படச் சாட்சியம் அவரிடம் எடுபட வழியில்லை. அபராதம் கட்டச் சொல்லி, குப்பையையும் அள்ளச் சொல்லி அனுப்பினார். பின்னால் கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் இந்தக் குப்பை வழக்கு எப்படி எதிரே வந்து நின்றது என்பது பாட்டின் இரண்டாம் பாதி. குப்பை கொட்டிக் குற்றவாளியான ஒருவன் வியட்நாமில் ஊர்களை எரிக்கத் தகுதியானவன்தானா என்று ஆர்லோ கேட்கும் இடத்தில்தான் அது போர் எதிர்ப்புப் பாட்டாக மாறுகிறது. இன்றும் நன்றித் திருநாள் வந்தால் அமெரிக்காவின் பல வானொலி நிலையங்கள் அதை முழுதாக ஒலிபரப்புகின்றன.

1969இல் ஆர்தர் பென் இதைத் திரைப்படமாக எடுத்தார். ஆர்லோ ஆர்லோவாகவே நடித்தார். ஓபன்ஹைனும் நீதிபதி ஹானனும்கூட அவரவர் வேடத்தில் வந்தார்கள். படப்பிடிப்பு இந்தத் தேவாலயத்திலேயே நடந்தது. ஆலிஸின் வேடத்தில் மட்டும் வேறொரு நடிகை. தன் வாழ்க்கையைப் படம் திரித்துவிட்டது என்ற வருத்தம் ஆலிஸுக்குக் கடைசிவரை இருந்தது.

எனக்கு அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டாலும் மனசு ஆலிஸிடம்தான் போய் நிற்கிறது. பாட்டின் பெயரில் அவர் இருக்கிறார், பல்லவியில் இருக்கிறார். கதைக்குள் அவருக்குக் கிடைப்பதோ இரண்டே வேலை. சமைக்கிறார், ஜாமீன் கட்டுகிறார். புகழ் பையன்களுக்குப் போயிற்று. இந்தக் கட்டடத்தின் கடந்த அறுபது ஆண்டு வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், இதைத் தாங்கி நிறுத்தியது அந்த இரண்டு வேலைகள்தான் என்று தோன்றுகிறது: வந்தவருக்குச் சோறு, மாட்டிக்கொண்டவருக்குக் கை. பாட்டு அவற்றுக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

பிராக் தம்பதி 1968இல் பிரிந்தார்கள். தேவாலயம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1991இல் ஆர்லோவே அதை வாங்கினார். தனக்கு வீடாக வைத்துக்கொள்ளாமல், தாய் தந்தை நினைவாக ஒரு லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கி அதன் இருப்பிடமாக ஆக்கினார். எல்லா மதத்தாருக்கும் பொதுவான இடம், எந்தச் சாமியை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அது வெறும் வார்த்தை இல்லை. தாய்வழிப் பாட்டி அலீசா கிரீன்பிளாட் இத்திஷ் மொழிக் கவிஞர், யூதக் குடும்பம். ஆர்லோ பிற்காலத்தில் கத்தோலிக்கத்துக்கும் பிரான்சிஸ்கன் சபைக்கும் வந்தார். அதன் பிறகு நீம் கரோலி பாபாவின் வழி வந்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட மா ஜெயா சதி பகவதி என்ற பெண் குருவிடம் போய்ச் சேர்ந்தார். ஒன்றுக்காக இன்னொன்றைத் தூக்கி எறிந்தவராகவும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம்.

பன்னிரண்டு மணிக்கு மேசைகள் நிறைந்தன. வயதானவர்கள் அதிகம். தனியாக வந்து, தனியாக வந்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று பூட்ஸைப் பார்த்தால் தெரிகிற இரண்டு பேர். கைக்குழந்தையோடு ஒரு பெண். கோட்டுப் போட்ட ஒருவரும் இருந்தார். அவர் சாப்பிட வந்தாரா, பரிமாற வந்தாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்படிப் பிடிபடாமல் இருப்பதைத்தான் அங்கே விரும்புகிறார்கள் என்பது பிறகு புரிந்தது. இலவசச் சாப்பாடு என்றால் வரிசையில் நிற்கவைத்து, தட்டை நீட்டவைத்து, நன்றி சொல்லவைப்பது உலக வழக்கம். இங்கே உட்கார்ந்த இடத்துக்குச் சூப்பும் ரொட்டியும் வந்தன. பிறகு சுடச்சுட ஒரு முக்கிய உணவும் காய்கறிக் கலவையும் இனிப்பும்.

பரிமாறியவர்களில் ஒரு அம்மாளை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தேன். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை முடியை இறுக்கிப் பின்னியிருந்தார். இடுப்பில் கட்டிய ஏப்ரனில் பேனா ஒன்றைச் செருகியிருந்தார். சூப்புக் கிண்ணத்தை வைக்கும்போதெல்லாம் சாப்பிட வந்தவரின் தோளில் இடது கையை ஒரு கணம் வைத்தார். எல்லோருக்கும் அப்படியே. இடையிடையே சுவரோரம் போய், ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டு வந்தார். என்னவென்று கேட்டேன். வழக்கமாக வருகிறவர்களில் இன்று வராதவர்களின் பெயர்களாம். சாப்பாடு முடிந்ததும் மூடிபோட்ட டப்பாக்களில் மீதத்தைக் கட்டி, யார் வீட்டுப் பக்கம் யார் போகிறார்கள் என்று பார்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளில் இருந்த பெயர்களுக்கு டப்பா போனது. போய்க் கதவைத் தட்டும்போது, ஆள் நலமா என்றும் தெரிந்துவிடும் அல்லவா.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையாம். சமையலறையில் நின்ற மற்றவர்களும் பெரும்பாலும் அவர் வயதுக்காரர்கள். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மிகக் குறைவு. மீதியெல்லாம் இப்படித் தன்னார்வலர்கள்தான். காலையில் காய் நறுக்கும் அதே ஆட்கள் கச்சேரி இரவில் வாசலில் டிக்கெட் வாங்குகிறார்கள், நாற்காலி தூக்குகிறார்கள், கார் நிறுத்தத்தில் கைவிளக்கோடு நிற்கிறார்கள்.

காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எப்படி இருப்பது? கோடை மாதங்களில் டிரூபடார் தொடர் என்ற பெயரில் வார இறுதிக் கச்சேரிகள் நடக்கின்றன. கூடம் சுமார் நூறு பேர் கொள்ளும். அந்த டிக்கெட் பணமும் நன்கொடைகளும்தான் இந்த இலவசச் சாப்பாட்டுக்கும், நன்றித் திருநாளன்று போடும் இலவச விருந்துக்கும், கட்டடப் பராமரிப்புக்கும் போகின்றன. நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய மரக்கட்டடம். பனி கொட்டும் ஊர். கூரைக்கும் கோபுரத்துக்கும் வர்ணத்துக்கும் ஒவ்வொரு ஆண்டும் செலவு நின்றபாடில்லை. பாட்டுச் சம்பாத்தியத்தில் சோறு, சோற்றுக்கு வந்த ஊர் ஜனம் பாட்டுக்கு ரசிகர்கள் என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததுதான் இந்த இடத்தை நடத்துகிறவர்களின் சாமர்த்தியம் என்பேன்.

இதே மலைப்பகுதியில் பெரிய கலை நிறுவனங்களுக்குக் குறைவில்லை. பாஸ்டன் சிம்பொனியின் கோடைக்கால இல்லமான டாங்கிள்வுட் பக்கத்தில்தான். அதன் பெரிய கொட்டகையில் மட்டும் 5,000 பேருக்கு மேல் உட்காரலாம். பெக்கட்டில் ஜேக்கப்ஸ் பில்லோ இருக்கிறது. டெட் ஷான் 1930களில் ஒரு பண்ணையை வாங்கி நடனத்துக்கென்று உருவாக்கிய இடம். நமது பாலசரஸ்வதி 1962இல் அங்கே ஆடியிருக்கிறார். அந்தக் காட்டுப் பண்ணையின் கொட்டகையில் அவருடைய பதம் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது. அந்த இடங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோடை முடிந்து வெளியூர்க் கார்கள் திரும்பிப் போன பிறகு, பனியில் கதவு திறந்து ஊர்க்காரரைச் சாப்பிட வரச்சொல்லும் கலைக்கூடம் எது என்று கேட்டால், தண்டவாளத்து ஓரத்து இந்த மரக்கட்டடத்தைத்தான் காட்டத் தோன்றும்.

மறுநாள் வியாழக்கிழமை இரவு மறுபடியும் போனோம். ஹூட்டனானி என்று சொல்லும் திறந்த மேடை இரவு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு ஏறிப் பாடலாம். முந்தின நாள் சூப்புக் கிண்ணங்கள் இருந்த மேசைகளில் மெழுகுவத்தி விளக்குகள். மேடைக்கு முதலில் ஏறியது ஒரு பள்ளி மாணவி. கிட்டாரின் சுதியைச் சேர்க்கவே நெடுநேரம் ஆயிற்று, கை நடுங்கியது. யாரும் அவசரப்படவில்லை. அடுத்து ஒரு முதியவர் பாஞ்சோவோடு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: புதன்கிழமை நான் உட்கார்ந்த மேசையில் எதிரே சூப்புக் குடித்தவர்! அப்போது ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது கூடம் முழுவதையும் பல்லவி பாடவைத்தார். அண்ணன் மகன் பாட்டு தெரியாமலே கைதட்டிக்கொண்டிருந்தான்.

நடுவில் சரக்கு ரயில் ஒன்று வந்தது. கட்டடமே லேசாக அதிர்ந்தது. மேடையில் இருந்தவர் பாட்டை நிறுத்தாமல் ரயிலின் தாளத்துக்குக் கிட்டாரை மாற்றிக்கொண்டு வாசித்தார். ரயில் போன பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தார். இங்கே பாடுகிறவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும்.

மரக்கூரையின் கீழ் மனிதக் குரல் என்ன ஆகிறது என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். ஜெபமும் பிரசங்கமும் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கட்டிய கூடம் அது. ஒலிவாங்கியை விட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நின்றவரின் குரலும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மூச்சு வாங்குவதும் கேட்டது. பழைய தேவாலயங்களை இடிக்கும்போது இந்தக் காதையும் சேர்த்துத்தான் இடிக்கிறார்கள்.

இந்த இடத்தின் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். ஹண்டிங்டன் நோய் உள்ள ஒருவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. அந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்ததே 1993இல்தான். அதுவரை அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் தங்களுக்கு வருமா, வராதா என்று உறுதியாக அறிய வழியில்லாமலே வளர்ந்தார்கள். ஆர்லோவும் அப்படி வளர்ந்தவர்தான். உடி இறந்த ஆண்டிலேயே அவருடைய முன்னாள் மனைவியும் ஆர்லோவின் தாயுமான மார்ஜரி, மார்த்தா கிரகாமின் குழுவில் ஆடிய நடனக் கலைஞர், இந்த நோயை எதிர்க்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். வீட்டுக்குள் மறைத்துவைத்த ஒரு நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த வழியைத்தான் தேவாலயமும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஆண்டும் இங்கிருந்து ஸ்டாக்பிரிட்ஜ் வரை, சுமார் 6 மைல் தூரம், ‘குப்பைத் தடம்’ என்ற பெயரில் ஒரு நடைப்பயணம் நடக்கிறது. குப்பை போன வழியிலேயே நடந்து, ஹண்டிங்டன் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்கள். ஒரு பதினெட்டு வயதுப் பையன் செய்த தவற்றுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்காது.

ஆலிஸ் பிராக் 1979இல் மாநிலத்தின் மறுகோடியிலுள்ள பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊருக்குப் போய் ஓவியராக வாழ்ந்தார். ஆர்லோ எழுதிய குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கு அவர்தான் படம் வரைந்தார். சினம் இருந்தாலும் சிநேகம் விட்டுப்போகவில்லை. 2024 நவம்பர் 21ஆம் தேதி, நன்றித் திருநாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 83 வயதில் இறந்தார். பாட்டைத் தெரிந்த நாடு முழுக்க அவருக்கு அஞ்சலி எழுதியது. பாட்டின் வழியாக அல்லாமல், இந்தத் தேவாலயத்தின் முதல் சமையல்காரராகவும் முதல் நிர்வாகியாகவும் அவரை நினைத்து எழுதியவர்கள் குறைவு. எனக்கு அந்தக் குறை இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இப்போது நம்மில் ஏராளம். நயாகரா, சுதந்திர தேவி சிலை, வாஷிங்டன் என்று சுற்றிக்காட்டுவார்கள். நியூயார்க்கிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ காரில் மூன்று மணி நேரத்துக்குள் கிரேட் பேரிங்டன் போய்விடலாம். போவதற்கு முன் சாப்பாடும் கச்சேரியும் எந்தெந்த நாளில் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு இடம் குறைவு, முன்னதாகவே டிக்கெட் எடுங்கள். முடிந்தால் புதன்கிழமை நண்பகலில் போங்கள். விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் போதாது. முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஒரு கை கொடுங்கள். அங்கே எல்லா வேலையையும் செய்கிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அடுத்த தலைமுறைக் கைகள்தான் அந்த இடத்துக்கு இப்போது வேண்டும்.